கேட்டு வாங்கிய முகம்

மேசைக்கு இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி. இருவர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் துப்பாக்கி. அவனைக் கொல்லச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் ஒரு காஃபி கடையில் அவள் படித்துக்கொண்டிருந்த, அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சின்னக் கவிதை ஒன்றை இப்போது ஆளுக்கொரு வரியாகச் சொல்கிறார்கள். சாகப்போகிற ஒருவனிடம், இந்த வாழ்க்கையில் நீ கேட்டது கிடைத்ததா என்று விசாரிக்கிற கவிதை அது. கடைசி வரி முடிந்ததும் இரண்டு துப்பாக்கியும் வெடிக்கின்றன. இரண்டு குண்டும் ஆள் மேல் படவில்லை. படக்கூடாது என்றே சுட்டிருக்கிறார்கள். அவன் எழுந்து வெளியே போகிறான்.

'சீக்ரெட் இன்வேஷன்' தொடரின் நான்காவது பகுதியில் வருகிறது இந்தக் காட்சி. 2023 ஜூன் 21 முதல் ஜூலை 26 வரை, புதன்கிழமைக்கு ஒன்றாக ஆறு பகுதிகள் வந்தன. மார்வெல் எடுத்ததிலேயே அதிகம் திட்டு வாங்கிய படைப்புகளில் இதற்கும் இடம் உண்டு. திட்டியவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் இரண்டு வருஷமாக இந்தத் தொடர் என்னை விடவில்லை. இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது, எடுத்தவர்களே அதைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தக் கதையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பார்க்காதவர்களுக்கு: முடிவு வரை எல்லாமே சொல்லிவிடுவேன்.

கதை இதுதான். ஸ்க்ரல்கள் என்று ஒரு வேற்றுக்கிரக இனம். பச்சைத் தோல், கூர்மையான காது, மடிப்பு மடிப்பாக மோவாய். யாரைப் பார்க்கிறார்களோ அவர்களைப் போலவே உருமாறும் சக்தி உண்டு. செத்தால் மட்டும் பச்சை நிறம் திரும்பிவிடும். சொந்தக் கிரகம் போரில் அழிந்துபோய் அகதிகளாக அலைகிற அவர்களை, 1995-இல் உளவு அதிகாரி நிக் ஃப்யூரி சந்திக்கிறார். 2019-இல் வந்த 'கேப்டன் மார்வெல்' படத்தின் கதை அது. உங்களுக்கு ஒரு வீடு தேடித் தருகிறோம் என்று ஃப்யூரியும் கேப்டன் மார்வெலும் வாக்குக் கொடுக்கிறார்கள். அதுவரை எனக்காக வேவு பாருங்கள் என்று ஃப்யூரி கேட்கிறார். 1997-இல் லண்டனின் பிரிக்ஸ்டனில் ஒரு கட்டடத்துக்குள் கூடி நிற்கிற ஸ்க்ரல்களிடம் இந்த ஒப்பந்தத்தைப் பேசுகிறார். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், நான் சொன்னதை நான் காப்பாற்றுகிறேன் என்று. அந்தக் கூட்டத்தில் அப்பா அம்மாவைப் போரில் இழந்த ஒரு பையன் நிற்கிறான். பெயர் கிராவிக்.

வீடு கிடைக்கவில்லை. வருஷங்கள் போகின்றன. கிராவிக் வளர்ந்து ஆளாகி, ரஷ்யாவில் கைவிடப்பட்ட ஓர் அணு வளாகத்தில் தன் ஆட்களைக் குடியமர்த்துகிறான். கதிர்வீச்சு ஸ்க்ரல்களை ஒன்றும் செய்யாது. மனிதனை அழித்துவிடும். ஆகவே அமெரிக்காவையும் ரஷ்யாவையும் மோதவிட்டு அணு ஆயுதப் போர் மூட்டினால் பூமி முழுக்க அவர்களுக்கு. இதுதான் திட்டம்.

ஸ்க்ரல்கள் காமிக்ஸில் முதன்முதலாக வந்தது 1962 ஜனவரி என்று தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாவது இதழில். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் செய்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம், பக்கத்து வீட்டுக்காரனே எதிரியின் ஆளாக இருக்கலாம் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த காலம். அந்த இதழின் முடிவு எனக்கு மறக்கவே மறக்காது. பிடிபட்ட ஸ்க்ரல்களை அந்த நால்வர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் மாடுகளாக உருமாறச் சொல்லி, தாங்கள் யார் என்பதே மறந்துபோகும்படி வசியம் செய்து மேயவிட்டுவிடுகிறார். பசுத்தோல் போர்த்திய புலி என்று நாம் சொல்வோமே, அதைத் தண்டனையாகவே கொடுத்துவிட்டார்கள்! சின்ன வயதில் படித்திருந்தால் சிரித்திருப்பேன். இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒருத்தனை இன்னொரு உருவத்துக்குள் தள்ளி, உள்ளே இருப்பது யார் என்பதை அவனே மறக்கும்படி செய்வதைவிடப் பெரிய கொடுமை என்ன இருக்கிறது?

2008-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி லெய்னில் யூ வரைந்த எட்டு இதழ்த் தொடரின் பெயர்தான் 'சீக்ரெட் இன்வேஷன்'. அதில் ஊரே இறங்கும். நமக்குத் தெரிந்த நாயகர்களே ரொம்ப நாளாக ஸ்க்ரல்கள் என்று ஒவ்வொருவராக வெளிப்படும். சின்னத்திரைக்கு வந்தபோது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் கழற்றிவிட்டு, வயதான ஓர் ஒற்றரின் கதையாகச் சுருக்கினார்கள். கைல் பிராட்ஸ்ட்ரீட் உருவாக்கினார், ஆறு பகுதியையும் அலி செலிம் இயக்கினார். சுருக்கியதற்குப் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சுருக்கியதால்தானே அந்த மேசை கிடைத்தது.

அந்த மேசைக்கு வருகிறேன். ஃப்யூரியின் மனைவி பிரிசில்லா உண்மையில் வாரா என்ற ஸ்க்ரல் பெண். சார்லேன் வுடர்ட் நடித்திருக்கிறார். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவர் மட்டும் குரலை உயர்த்தவே மாட்டார். இந்த முகம் யாருடையது என்ற பேச்சு அங்கே வருகிறது. டாக்டர் பிரிசில்லா டேவிஸ் என்ற ஒரு பெண், பிறவியிலேயே இதயக் கோளாறு. அவளைச் சந்தித்து, உன் உருவத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று வாரா கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் சம்மதித்திருக்கிறாள். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: என் அப்பா அம்மாவுக்கு மகளாக இரு.

தொடரை முதல் தடவை பார்த்தபோது இந்த இடம் சும்மா கடந்து போய்விட்டது. துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்பதிலேயே கவனம். இரண்டாம் தடவை பார்க்கும்போது நிறுத்திவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் கேட்டேன். ஆறு பகுதியில் எத்தனையோ முகங்கள் மாறுகின்றன. கேட்டு வாங்கியதாக நமக்குச் சொல்லப்படுவது இந்த ஒரு முகம்தான். மற்ற மனிதர்களைக் கடத்திப் பெட்டிகளில் படுக்கவைத்து, தலையில் கம்பிகளை மாட்டி, உயிரோடு வைத்துக்கொண்டே நினைவுகளை உறிஞ்சுகிறார்கள்.

அதற்கப்புறம் தொடர் முழுவதும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முதல் பகுதியின் முடிவில் ஃப்யூரியின் வலக்கையாக இருந்த மரியா ஹில் செத்துப்போகிறாள். குண்டுவெடிப்புக்கு நடுவில் அவளைச் சுடுவது ஃப்யூரியின் முகம் போட்ட கிராவிக். உயிர் போகும்போது அவள் கண்ணுக்குத் தெரிவது, பல வருஷம் யாரை நம்பி வேலை செய்தாளோ அவரே தன்னைச் சுட்டது. அது நான் இல்லை என்று நிஜ ஃப்யூரி குனிந்து சொல்கிறார். அவள் காதில் விழுந்ததா, நம்பினாளா என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு முகத்தைத் திருடினால் என்னென்ன சேர்ந்து திருடுபோகும் என்பதற்கு இந்தச் சில வினாடி போதும். அடுத்த பகுதியில் சவப்பெட்டியோடு போய் ஹில்லின் அம்மா முன்னால் நிற்கிறார் ஃப்யூரி. ஹில்லை இப்படிச் சட்டென்று முடித்திருக்க வேண்டாம் என்று ரசிகர்கள் கொதித்தது நியாயம். நானும் கொதித்தேன்.

சரி, கிராவிக்கின் முகம்? அதைக் கடைசிப் பகுதியில் அவனே சொல்கிறான். ஃப்யூரிக்காக அவன் முதன்முதலில் கொன்ற மனிதனின் முகம் அது. வாழ்நாள் முழுக்க அதையே போட்டுக்கொண்டு அலைகிறான். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்த முதல் கொலை. கிங்ஸ்லி பென்-அடிர் அந்த வசனத்தைப் பேசும்போது வில்லன் என்ற எண்ணமே போய்விடுகிறது. ஒரு அநாதைப் பையனைப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்தது யார் என்ற கேள்விதான் நிற்கிறது.

ஃப்யூரியும் கேட்காமல் எடுத்தவர்தான். தொடரில் எல்லோரும் தேடும் 'ஹார்வெஸ்ட்' என்பது, தானோஸ் என்ற வில்லனுடன் நடந்த கடைசிப் போரில் சிந்திய ரத்தத்தில் இருந்து ஸ்க்ரல்களை வைத்து அவர் திரட்டிய, அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவின் மரபணு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஃபின்லாந்தில் ஒரு கல்லறையில் ஒளித்துவைத்திருக்கிறார். இதை யாராவது ஒருத்தர் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டாமா? தொடர் அந்த இடத்தை அவசர அவசரமாகத் தாண்டுகிறது.

சினிமாவுக்கு வெளியே நடந்தது ஒன்றும் இங்கே ஞாபகம் வருகிறது. நிக் ஃப்யூரி முதலில் காமிக்ஸில் வெள்ளைக்காரர். 2002-இல் மார்க் மில்லர் எழுதி பிரையன் ஹிட்ச் வரைந்த 'தி அல்டிமேட்ஸ்' இதழ்களில் ஃப்யூரிக்கு அப்படியே நடிகர் சாமுவேல் ஜாக்சனின் முகம். நம்மை வைத்து ஒரு படம் எடுத்தால் உங்கள் வேஷத்தில் யார் நடிப்பார் என்ற பேச்சுகூட அதில் வரும், ஃப்யூரி சாமுவேல் ஜாக்சன் பெயரையே சொல்வார். ஜாக்சனிடம் முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. தன் முகத்தைக் காமிக்ஸில் பார்த்த பிறகுதான் அவர் தரப்பு மார்வெலிடம் பேசியது. படம் எடுத்தால் நீங்களே நடியுங்கள் என்று பேச்சு முடிந்து, 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தின் கடைசியில் ஒற்றைக் கண்ணோடு வந்து நின்றார். கேட்காமல் எடுத்த முகத்துக்குச் சொந்தக்காரரே வந்து குடியேறிவிட்டார். இப்படி நல்லபடியாக முடிவது அபூர்வம்.

நல்லபடியாக முடியாத ஒன்றும் உண்டு, அது கதையல்ல. 2010 ஜூனில் அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகளைக் கைது செய்தார்கள். அதில் ஒரு தம்பதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் டொனால்டு ஹீத்ஃபீல்டு, டிரேசி ஃபோலி என்ற பெயர்களில் குடியிருந்தவர்கள். நிஜப் பெயர் ஆந்திரே பெஸ்ருகோவ், எலெனா வாவிலோவா. அவர்கள் சூடிக்கொண்டவை கனடாவில் கைக்குழந்தையாகவே செத்துப்போன இரண்டு பேரின் பெயர்கள். அவர்களுக்கு இரண்டு மகன்கள். பெரியவனின் இருபதாவது பிறந்தநாள் அன்றுதான் வீட்டுக் கதவை எஃப்.பி.ஐ. தட்டியது. அடுத்த மாதமே வியன்னா விமான நிலையத்தில் கைதிகள் பரிமாற்றம் நடந்து, அப்பா அம்மா மாஸ்கோ போய்விட்டார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை கேள்விக்குள்ளானது. இளையவனின் வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 டிசம்பரில்தான் அவனுக்குச் சாதகமாகத் தீர்ந்தது.

எனக்குள் எப்போதும் நிற்பது, பெயரைப் பறிகொடுத்த அந்தக் குழந்தைகளின் வீடுகள். தொட்டிலோடு போய்விட்ட பிள்ளையின் பெயரில் யாரோ ஒருவர் படித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, விருந்து வைத்திருக்கிறார் என்று ஒருநாள் செய்தித்தாளில் படிப்பது எப்படி இருந்திருக்கும்! என் அப்பா அம்மாவுக்கு மகளாக இரு என்று பிரிசில்லா டேவிஸ் கேட்டதன் கனம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

என் கதையும் கொஞ்சம் இதில் உண்டு. இருபத்திரண்டு வயதில் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவு வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வாரமே கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, இதில் ஒரு பெயரை எடுத்துக்கொள் என்றார்கள். என் பெயர் வாடிக்கையாளர்கள் வாயில் நுழையாதாம். ஜேசன் என்று எடுத்தேன். மூன்று வருஷம் ராத்திரி முழுக்க ஜேசன். ஒருநாள் விடியற்காலை வீடு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. எடுத்து, தூக்கத்திலேயே ஜேசனின் குரலில், ஜேசனின் உச்சரிப்பில், உங்களுக்கு நான் எப்படி உதவலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எதிர்ப்பக்கம் அம்மா. ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "தம்பி இல்லைங்களா? நம்பர் மாத்திப் போட்டுட்டேன் போல" என்று வைத்துவிட்டாள். மறுபடி நானே கூப்பிடுவதற்குள் எனக்குக் கை நடுங்கியது. வாரா வீட்டுக்குள் நுழையும்போது எந்த முகத்தோடு நுழைவாள் என்று யோசிக்கும்போதெல்லாம் அம்மாவின் அந்த மௌனம் எனக்குக் கேட்கிறது.

இரண்டாவது பகுதியில் ஒரு ரயில் பெட்டி வருகிறது. ஃப்யூரியும் டாலோஸும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். டாலோஸ், ஸ்க்ரல்களின் பழைய தலைவர், ஃப்யூரியின் முப்பது வருஷ நண்பர். சின்ன வயதில் அம்மாவோடு அலபாமாவில் இருந்து டெட்ராய்ட்டுக்கு ரயிலில் போனதைப் பற்றி ஃப்யூரி பேசுகிறார். கருப்பர்களுக்கு ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இடம் கிடையாது. அதனால் வறுத்த கோழியைச் செருப்பு அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துப் போவார்கள். பொழுது போக ஒரு விளையாட்டு: எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல். சாமுவேல் ஜாக்சன் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் நிறப்பிரிவினை சட்டமாகவே இருந்த காலத்தில் வளர்ந்தவர். எழுபது தாண்டிய மனிதர் அந்த அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசும்போது நடிப்பு எங்கே முடிகிறது, ஞாபகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதே விளையாட்டில் டாலோஸ் உண்மையைச் சொல்கிறார். பூமியில் இப்போது பத்து லட்சம் ஸ்க்ரல்கள் இருக்கிறார்கள். நான்தான் வரச்சொன்னேன், போக்கிடம் இல்லை. ஃப்யூரிக்குக் கோபம் தலைக்கேறி, நண்பரை ரயிலை விட்டு இறங்கு என்கிறார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் சாப்பாட்டுப் பெட்டியில் தனக்கு இடம் இல்லாததைச் சொன்னவர்! எழுதியவர்கள் தெரிந்தே வைத்த இடம் இது. தொடர் முழுக்க இதே தரத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

பென் மெண்டல்சனின் டாலோஸ் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். மனிதர்களைக் காப்பாற்றினால், ஒருநாள் நம் சொந்த முகத்தோடு வெளியே நடமாட விடுவார்கள் என்று நம்புகிறவர். மகள் கையா அதை நம்பவில்லை. அமெரிக்க அதிபரின் வாகனங்கள் மீது தாக்குதல் நடக்கும்போது அதிபரைக் காப்பாற்றப் போய்க் காயப்படுகிறார் டாலோஸ். பலம் குறையக் குறைய உருவம் நழுவி, பச்சை முகம் வெளியே தெரிகிறது. உதவிக்கு வருவதுபோல் ஒரு ராணுவ வீரன் ஓடி வருகிறான். அவன் கிராவிக். குத்திவிடுகிறான். எந்த முகத்தோடு வாழ ஆசைப்பட்டாரோ அந்த முகத்தோடு நடுரோட்டில் கிடக்கிறார்.

இவ்வளவையும் கட்டியெழுப்பிவிட்டு, கடைசிப் பகுதியில் என்ன செய்தார்கள்? ஃப்யூரி வேஷத்தில் போன கையாவும் கிராவிக்கும் அந்த ஹார்வெஸ்டில் இருந்து எல்லா நாயகர்களின் சக்தியையும் ஏற்றிக்கொண்டு, கை நீண்டு, பருத்து, கணினியில் செய்த ஒரு சண்டை. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது, அதுவும் தப்பான காரணத்துக்கு. முப்பது வருஷ வாக்குறுதியைப் பற்றிக் கிராவிக் மனம் திறந்து பேசியது நிஜ ஃப்யூரியிடமே அல்ல. ஃப்யூரியின் முகம் போட்ட கையாவிடம். நிஜ ஃப்யூரி அதற்குப் பதில் சொல்லும் காட்சி தொடரில் எங்குமே இல்லை. கிராவிக் கேட்ட கணக்கு தீராமலே அவன் செத்துப்போகிறான். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தலைப்புக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை படர்ந்த ஓவியங்கள் ஒன்றில் இருந்து ஒன்றாக உருகி மாறும். செயற்கை நுண்ணறிவை வைத்துச் செய்தது என்று தெரிந்ததும் ஓவியர்களிடம் இருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே மாதத்தில் இருந்தே வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் வேறு. உருமாறும் கதைக்குப் பொருந்துகிறது என்று இயக்குநர் தரப்பில் விளக்கினார்கள், யாருடைய வேலையும் போகவில்லை என்றது அதைச் செய்த நிறுவனம். பொருந்துகிறதுதான், ஆனால் அவர்கள் நினைத்த விதத்தில் அல்ல. யார் யாரோ வரைந்ததைக் கேட்காமல் எடுத்துக் கற்ற கருவி அது. பெட்டிக்குள் கம்பி மாட்டிப் படுக்கவைத்த மனிதர்களை எனக்கு ஞாபகப்படுத்தியது.

அதைவிட எனக்குப் பிடித்த ஓர் உருமாற்றம் படப்பிடிப்பில் நடந்தது. தொடரின் மாஸ்கோ, மாஸ்கோ அல்ல. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் உள்ள பீஸ் ஹால் மாஸ்கோ வேஷம் போட்டது. 1779-இல் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்பதற்காகத் திறந்த கல் மண்டபம். 2022 தொடக்கத்தில் ரஷ்யப் பலகைகள் மாட்டி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் பலகையைக் கழற்றிவிட்டுப் போனார்கள், மண்டபம் மறுபடி மண்டபமாயிற்று.

கடைசிப் பகுதியில் பெட்டிகள் திறக்கின்றன. கடத்தப்பட்ட மனிதர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். அதில் கர்னல் ரோட்ஸ் இருக்கிறார், நடித்தவர் டான் சீடில். இத்தனை நாள் அதிபர் பக்கத்தில் நின்று பேசியது ராவா என்ற ஸ்க்ரல். நிஜ ரோட்ஸ் உடம்பில் மருத்துவமனை அங்கி. நிற்கப் பார்க்கிறார், கால் தாங்கவில்லை, பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அங்கியும் அந்தக் காலும் சொல்வது, 2016-இல் வந்த 'சிவில் வார்' படத்தில் அவர் முதுகு உடைந்து மருத்துவமனைக்குப் போனதில் இருந்தே பெட்டிக்குள் இருந்திருக்கலாம் என்று. அலி செலிமும் பேட்டியில் அப்படித்தான் சாய்ந்து பேசினார்.

அப்படியென்றால் 'எண்ட்கேம்' படத்தில் தானோஸுடன் நடந்த அந்தப் போர்க்களத்தில், சாகக் கிடந்த அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கிடம் முதல் ஆளாக வந்து குனிந்தது ரோட்ஸ் இல்லை. இறுதிச் சடங்கில் நின்றதும் ரோட்ஸ் இல்லை. அத்தனை வருஷ நண்பன் போய்விட்டான் என்பதே இந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. யாராவது ஒருத்தர் அவரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். தொடர் சில வினாடிகளில் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. நான் அங்கேயே நிறுத்திவைத்து, அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.